வாக்கியத்தின் முன்பாதி

"உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று இப்போதும் கேட்கிறார்கள். பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் கேட்கிறார்கள், மீன் வாங்கப் போனால் கேட்கிறார்கள். "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிடுகிறேன். நடக்கிறேன், சமைக்கிறேன், கை கால் விளங்குகிறது, வாய் கோணவில்லை. பார்க்கிறவர்களுக்கு நான் பிழைத்து வந்தவள்.

உண்மையில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது இன்னொரு வீட்டுக்கும் வரும், அவர்களுக்கு ஏதாவது ஒரு வரி உதவலாம். பேச்சில் சொல்ல என்னால் முடியாது. தாளில் முடியும். எழுதிய வரி ஓடிப்போகாமல் அங்கேயே நிற்கிறது, விட்டுப்போனால் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தச் சில பக்கங்களுக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

என் பெயர் ஜோஸ்பின். வயது நாற்பத்து மூன்று. குருசுக்குப்பத்தில் வீடு. கணவர் அருள் தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே மகள் நிவேதா பதினோராம் வகுப்பு படிக்கிறாள். நான் பதினேழு வருடம் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே வாய்மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருந்தேன். புதுச்சேரியில் இதற்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். பிரான்சில் வளர்ந்த பிள்ளைகள் அப்பா விட்டுப்போன வீட்டு விஷயமாக வருவார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. இங்கே இருக்கும் அண்ணன் தம்பிக்குப் பிரெஞ்சு வராது. வக்கீல் அலுவலகத்தில் இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடுவார்கள். அது என்னுடையது.

அந்த நாற்காலியில் உட்காருகிறவளுக்கு மொழி தெரிந்தால் மட்டும் போதாது. தமிழில் வினை கடைசியில் வரும். "எங்க அண்ணன் போன மாசம் வந்து, பத்திரத்த வாங்கிப் பாத்துட்டு, சித்தப்பா முன்னாடி கையெழுத்து" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வரும்போது, அண்ணன் கையெழுத்துப் போட்டாரா, போட மாட்டேன் என்றாரா என்பது தெரியாது. பிரெஞ்சில் அதை எடுத்த எடுப்பிலேயே சொல்லியாக வேண்டும். அதனால் முழு வாக்கியமும் முடியும்வரை எல்லாவற்றையும் தலையில் பிடித்து வைத்திருந்து, பிறகு புரட்டிப் போட்டுச் சொல்லுவேன். எனக்கு அது சிரமமாக இருந்ததே இல்லை. எவ்வளவு நீளமாகப் பேசினாலும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஒரு சனிக்கிழமை காலை துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நிவேதாவிடம் அவளுடைய நீலச் சட்டையை எடுத்துவரச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"என்னாம்மா சொல்ற? சாவியா? எந்தச் சாவி?"

நான் மறுபடியும் சட்டை என்றேன். அவள் மறுபடியும் சாவி என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. தலை லேசாகச் சுற்றியது. பங்குனி வெயில், காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. "படுத்துக்கறேன்" என்று சொன்னேன், அல்லது சொன்னதாக நினைத்தேன். நிவேதா மின்விசிறியைப் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், நான் தூங்கட்டும் என்று டிவியையும் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்ப் படித்தாள். நான் எழுந்தபோது மணி நாலு. அருள் பட்டறையிலிருந்து வந்திருந்தார். நான் பேசியதைக் கேட்டு அவர் முகம் மாறியது. உடனே ஆட்டோவுக்குப் போன் செய்தார்.

மூளைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. பக்கவாதம் என்பதும் இதுதான். சிலருக்குக் கை கால் போகும், எனக்குச் சொல் போயிற்று. அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அருளிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார்கள்? அப்போது கூட யார் இருந்தது?

"ஒம்போது மணி இருக்கும் சார். பொண்ணுதான் இருந்தா."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நிவேதாவும் பார்த்தாள். ஜன்னலைச் சாத்தியது, டிவியை நிறுத்தியது எல்லாவற்றையும் அவள் அந்த இடத்தில் நின்று கணக்குப் பார்த்திருப்பாள். அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை நான் பகலில் படுத்தால் அரைமணிக்கு ஒருமுறை வந்து எழுப்பி, "அம்மா, எம்பேர் சொல்லு" என்கிறாள். நான் திட்டுவதில்லை. சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

பதினோரு நாள் வார்டில் இருந்தேன். சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு எம்.ஆர்.ஐ., அதாவது குழாய்போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வைத்துக் காந்தத்தால் படம் எடுப்பது. உள்ளே கல் உடைக்கிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். உலோகம் கூடாது என்று கல்யாண மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். விரல் வீங்கியிருந்தது. அருள் சோப்பு போட்டுத் திருகித் திருகி எடுத்தார், பட்டறையில் இறுகிப்போன நட்டைக் கழற்றுகிறவர்போல, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் வலிக்காமல். பிறகு இதயத்தை எக்கோ ஸ்கேன் பார்த்தார்கள். ஒரு நாள் முழுக்க மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். துடிப்பு அவ்வப்போது தாளம் தப்புகிறது, அப்படித் தப்பும்போது ரத்தம் தேங்கி உறைந்த ஒரு சிறு துணுக்குதான் மேலே போய் அடைத்துவிட்டது என்றார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும், கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம், அளவாகச் சாப்பிட வேண்டும்.

ஒரு வாரத்தில் பேச்சு ஏறக்குறைய திரும்பிவிட்டது. சட்டை சட்டையாகவே வந்தது. வார்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பக்கத்துக் கட்டில் அம்மா, "மாதா காப்பாத்திட்டாங்க" என்றாள். நானும் நம்பினேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. அருள் பார்மசிக்குப் போயிருந்தார். நான் காத்திருப்போர் கூடத்தில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் எண்ணையும் அறையையும் சொல்லும். "டோக்கன் நாற்பத்தி ஏழு, அறை எண் ஒன்பது." அறை எண் காதில் விழும்போது டோக்கன் எண் இருக்காது. இல்லையென்றால் இல்லைதான், மங்கலாகக்கூட இருக்காது. என் கையில் இருப்பது என்ன என்று குனிந்து பார்ப்பேன், நிமிரும்போது அறை எண்ணும் போயிருக்கும். மூன்று முறை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அருள் வந்து கேட்டார்.

"கூப்புடலியா இன்னும்?"

"தெரியலைங்க."

"தெரியலைன்னா? இங்கதான ஒக்காந்திருக்க?"

 அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் உள்ளங்கையில் டோக்கன் எண்ணைப் பெரிதாக எழுதினார்.

நரம்பியல் டாக்டரம்மா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். மூன்று எண் வரை சொன்னேன். நாலாவது வந்ததும் முதல் எண் போய்விட்டது. பின்னாலிருந்து முன்னால் சொல்லச் சொன்னபோது இரண்டுதான் முடிந்தது.

"கடையில போயி மூணு சாமான் கேக்கறீங்க. எடுத்துக் குடுக்கற வரைக்கும் கடைக்காரர் அத மனசுல வச்சிருப்பார்ல? குடுத்ததும் தேவையில்ல, விட்டுடுவாரு. அந்த மாதிரி ஒரு எடம் எல்லாருக்கும் இருக்கு. வொர்க்கிங் மெமரின்னு சொல்லுவோம். உங்களுக்குப் பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. மொழியும் இருக்கு. அந்த எடம் மட்டும் சின்னதாயிடுச்சு."

"பெருசாகுமா டாக்டர்?"

என்ன வேலை செய்கிறேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, தினமும் செய்கிற ஒரு பயிற்சி இருப்பதாகச் சொன்னார். டேப்லெட் கணினியில் செய்வது. சிலருக்குப் பலன் இருக்கிறது, பலருக்கு எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "செஞ்சு பாக்கலாம். வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். கடைசி வாக்கியம் சின்னதாக இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருந்தும் நான் அதைக் கேட்காதவள்போல நடந்துகொண்டேன்.

பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தது கவிதா என்ற பேச்சுப் பயிற்சியாளர். பொறுமைசாலி. மூன்று விதமான ஆட்டங்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும், அதே வரிசையில் தொட வேண்டும். எண்கள் காதில் ஒலிக்கும், பின்னாலிருந்து தட்ட வேண்டும். எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும், இப்போது கேட்டது இரண்டு எழுத்துக்கு முன்னால் கேட்டதுதானா என்று சொல்ல வேண்டும். சரியாகச் செய்தால் அடுத்தது நீளும், தவறினால் குறையும். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். நான் காலையும் மாலையும் செய்தேன். ஞாயிறும் செய்தேன். ஐந்து வாரத்தைப் பத்து வாரமாக்கினேன்.

முதல் வாரம் அழுதுகொண்டே செய்தேன். இரண்டு எண், மூன்று எண், மறுபடி இரண்டு. தலைக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருக்கும். முடித்ததும் ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் பேசக் கூடாது. மூன்றாவது வாரம் நாலு எண் வந்தது. ஆறாவது வாரம் ஆறு. நிவேதா குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி மதிப்பெண்களைக் கோடாக வரைந்தாள். கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. ஏழு எண்ணைப் பின்னாலிருந்து சொன்ன அன்றைக்கு அருள் பேக்கரியில் கேக் வாங்கி வந்தார். பிறந்தநாள் கேக்தான் இருந்திருக்கிறது. பெயர் எழுதட்டுமா என்று கடையில் கேட்டதற்கு, "ஏழுன்னு போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேரும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டோம். அந்த ஒரு மாலையில் நான் குணமாகிவிட்டேன் என்று முழுமனதோடு நம்பினேன். விஷயம் தெரிந்த பிறகு அப்படி நம்பியது அந்த ஒரு முறைதான்.

வீட்டில் பேச்சு மாறிக்கொண்டிருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. அருள் வாய் ஓயாமல் பேசுகிற ஆள். பட்டறையில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் முதலாளி, முதலாளியின் மச்சான், மச்சான் வாங்கிய பழைய கார் என்று போய்க்கொண்டே இருப்பார். இப்போது, "சாப்டியா? மழை வருது. துணி எடு" என்றார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நிறுத்தினார். எனக்காக என்று நினைக்காமல், என் காது சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது வாரம் நான் வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சிக்கலில்லாத ஒன்றாக இருந்தால் வருகிறேன் என்றேன். அவர்களும் நல்ல மனதோடுதான் கூப்பிட்டார்கள். ஒரு அக்கா, ஒரு தம்பி. அக்கா மார்த்தின் சிறுவயதிலேயே பிரான்சுக்குப் போனவர், தமிழ் சுத்தமாக மறந்துவிட்டது. தம்பி ஆரோக்கியம் தவளக்குப்பத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். அப்பா காலமாகி ஒரு வருடம். வீட்டுப் பங்கில் சண்டை இல்லை, பாதிப் பாதி என்று ஏற்கெனவே பேசியாயிற்று. கையெழுத்துக்கு முன்னால் ஒருமுறை நேரில் பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வக்கீலின் ஜூனியர் ஒரு பெண், ஓரளவு பிரெஞ்சு தெரிந்தவள், குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தாள்.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. வணக்கம், பயணம் எப்படி, பிள்ளைகள் எப்படி. எல்லாம் சின்ன வாக்கியங்கள். என் முதுகு நிமிர்ந்தது. பிறகு ஆரோக்கியம் அக்காவைப் பார்த்துப் பேசினார். நடுவில் நிறுத்தாமல், ஒரே மூச்சில். நான் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லி முடித்ததும் மார்த்தினின் முகம் இறுகியது. கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஆரோக்கியம் குழம்பிப்போனார். "அக்கா ஏன் மூஞ்சிய திருப்பிக்கிறாங்க? நான் சொன்னத அப்படியே சொன்னீங்களாம்மா?"

"அப்படியேதாங்க சொன்னேன்."

நான் பொய் சொல்லவில்லை. அப்படியே சொன்னதாகத்தான் எனக்குத் தெரியும். ஜூனியர் பெண் தயங்கித் தயங்கி எழுந்து, தன் குறிப்பிலிருந்து படித்தாள். ஆரோக்கியம் சொன்னது இது: "அப்பா கடைசி ரெண்டு வருசம் எங்கூடத்தான் இருந்தாரு, ஒருநாள்கூட ஒன்னப் பத்திக் கொறையா ஒரு வார்த்த சொல்லல, எங்கிருந்தாலும் அவ நல்லா இருக்கட்டும்னுதான் சொன்னாரு, எனக்குத்தான் நீ வரலன்னு கோவம்." நான் சொன்னது இது: உனக்கு வரத் தோன்றவில்லை என்று எனக்குக் கோபம்.

கடைசித் துண்டு மட்டும் என்னிடம் இருந்திருக்கிறது. அப்பா இல்லை, இரண்டு வருடம் இல்லை, நல்லா இருக்கட்டும் என்பது இல்லை. அவை வந்து போன தடம்கூட என்னிடம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மறந்தால் மறந்துவிட்டோம் என்றாவது தெரிய வேண்டாமா?

ஜூனியர் பெண் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மார்த்தினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், தலையசைத்தார், கையெழுத்தும் போட்டார். ஆனால் தம்பியைத் தொடவில்லை. அந்தச் செய்தி அவருக்கு முதல்முறை அப்பாவின் வார்த்தையாகவே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். என் பிழைக்கான திருத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினேன்.

மறுவாரம் டாக்டரம்மா மறுபடி சோதித்தார். பயிற்சி செய்த ஆட்டங்களில் என்னுடைய வயதுக்காரர்கள் பலரைவிட நான் மேல். பிறகு அவர் ஆட்டத்தில் இல்லாத ஒன்றைக் கொடுத்தார். சாதாரணமான ஒரு வாக்கியத்தைப் படித்து, திருப்பிச் சொல்லச் சொன்னார். நோய் வந்த புதிதில் இதே மாதிரி கொடுத்தபோது எத்தனை சொல் சொன்னேனோ அத்தனைதான் இப்போதும் சொன்னேன்.

"ஏழு நம்பர எப்படிப் புடிச்சு வச்சீங்க?" என்று கூட உட்கார்ந்திருந்த கவிதா மெதுவாகக் கேட்டார்.

சொன்னேன். மாதா கோயிலில் அன்றைய பூசையில் பாடும் பாட்டுகளின் எண்களைப் பலகையில் போடுவார்கள். சின்ன வயதிலிருந்து பாடகர் குழுவில் இருந்ததால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் என்ன பாட்டு, இருபத்தெட்டு என்றால் என்ன பாட்டு என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஏழு எண்ணை மூன்று பாட்டாகக் கட்டி வைத்துக்கொள்வேன். ஏழைப் பிடிக்க வேண்டாம், மூன்றைப் பிடித்தால் போதும்.

கவிதா டாக்டரம்மாவைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடம் பெரிதாகவில்லை. அது மூன்றாகவே இருக்கிறது. இருந்த மூன்றுக்குள் அடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அதுவும் எண்களை மட்டும். மனிதர்கள் பேசுகிறதைப் பாட்டாகக் கட்ட முடியாது.

"இன்னும் அஞ்சு வாரம் செஞ்சா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா நேராக என்னைப் பார்த்து, சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னார். "அந்த ஆட்டம் இன்னும் நல்லா வரும். மத்தது வரும்னு எனக்குத் தோணல. வேற வழிகள் இருக்கு. எழுதி வச்சுக்கலாம். பேசறவங்கள நிறுத்தி நிறுத்திப் பேசச் சொல்லலாம்." அவர் அன்பாகத்தான் சொன்னார். நிறுத்திப் பேசச் சொல்லும் மொழிபெயர்ப்பாளரை யார் கூப்பிடுவார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிவேதா கோடு வரைந்த தாளைக் கதவிலிருந்து எடுத்துவிட்டாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. ஒரு மாதம்வரை நான் ஆட்டத்தை விடாமல் செய்தேன். நம்பிக்கையால் இல்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் மட்டும் ஏதோ ஒன்றில் நான் கெட்டிக்காரியாக இருந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு இலக்கணத் தாள் திருத்திக்கொடுக்கிறேன். தாளில் இருப்பது எங்கேயும் போகாது.

இதை எழுத ஆரம்பித்தது ஐப்பசியில். அந்த மாதம் ஒரு ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்கு இறால் வாங்கியிருந்தோம். நிவேதா டியூஷன் போயிருந்தாள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை. அருள் வந்து எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.  பிறகு பேச ஆரம்பித்தார்.

நீளமாகப் பேசினார். நோய்க்கு முன்னால் பேசுவாரே, அந்த மாதிரி, நிறுத்தாமல். குரல் ஏறியது, தாழ்ந்தது, ஓரிடத்தில் உடைந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் குரலை அவ்வளவு நேரம் கேட்கிறேன் என்று எனக்கு மனம் நிறைந்திருந்தது. நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். அவர் முடித்தார். கண் கலங்கியிருந்தது. என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் இருந்தது, "அதனாலதான் வரலன்னு சொல்லிட்டேன்" என்பது மட்டும்.

"யாருகிட்டங்க?" என்றேன்.

அவர் முகத்தில் நான் பார்த்ததை எழுத வேண்டாம்.

"கோச்சுக்காதீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க. சின்னச் சின்னதா சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்." கையைக்கூடக் கழுவாமல் எட்டி நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். எங்கே வெட்டுவது என்று பார்க்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"அதச் சின்னதாச் சொல்ல வரல, ஜோசி."

என் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மிச்ச இறாலை உரிக்க ஆரம்பித்தார். நான் கேட்ட அந்த ஒரு துண்டை நோட்டில் எழுதினேன். அதற்கு மேலே நாலு வரி இடம் விட்டேன்.